கோவிலில் அவர் பார்த்தது



ஜனவரி 31 புனித தொன் போஸ்கோவின் திருநாள். அவரை முன்னிட்டு இந்த ஞாயிறை நம் பங்கில் பள்ளிப் பிள்ளைகளுக்காகச் செபிக்கும் நாளாக வைத்திருக்கிறோம். பொங்கல் முடிந்து பொதுத்தேர்வு நெருங்கும் இந்த வாரங்களில் பள்ளிகளில் மூன்று காரியங்கள் நடக்கும். சுற்றுலாவுக்குப் பெயர் கொடுப்பார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகளைக் கல்லூரிக்கும் தொழிற்சாலைக்கும் அழைத்துப்போய்க் காட்டுவார்கள். தவக்காலம் வருகிறது என்று முதியோர் இல்லத்துக்கு அரிசியும் சோப்பும் சேர்ப்பார்கள். படிக்கிற நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் பெற்றோர் உண்டு. அவர்களுடைய கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்த மூன்றும் நம் விசுவாசத்தைத் தொடுகிற காரியங்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏன் என்பதை இன்றைய நற்செய்தியே காட்டுகிறது.

லூக்கா 2:41-52 பகுதியை வாசிக்கக் கேட்டோம். பன்னிரண்டு வயதில் இயேசு தம் பெற்றோரோடும் உறவினரோடும் பாஸ்கா விழாவுக்காக எருசலேமுக்குப் போகிறார். நாசரேத்து, மலைப்பக்கத்துச் சிற்றூர். அங்கிருந்து நடந்தே போகிறவர்களுக்குச் சில நாள் பிடிக்கும். போய்ச் சேருகிற இடமோ ஏரோது எடுத்துக் கட்டிய மாபெரும் கோவில். வெண்கல்லும் பொன் தகடுமாக, தூரத்திலிருந்தே கண்ணைப் பறிக்கிற கட்டடம். ஒரு சிற்றூர்ப் பிள்ளை அங்கே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றிருந்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் மூன்று நாளுக்குப் பிறகு மரியாவும் யோசேப்பும் அவரை எங்கே கண்டார்கள்? போதகர்கள் நடுவே உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டும் அவர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டும் இருக்கக் கண்டார்கள். அந்தக் கோவிலின் கற்களைப் பற்றி லூக்கா இந்த இடத்தில் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து அதே கோவிலில் நடந்ததை மாற்கு எழுதிவைத்திருக்கிறார். காணிக்கைப் பெட்டிக்கு எதிரே இயேசு அமர்ந்திருக்கிறார். பணக்காரர் பலர் வந்து நிறையப் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஓர் ஏழைக் கைம்பெண் இரண்டு சிறு காசுகளைப் போடுகிறார். அந்தக் கூட்டத்தில் அவரைக் கவனித்தவர் இயேசு ஒருவரே. சீடர்களைக் கூப்பிட்டு அந்தப் பெண்ணைக் காட்டுகிறார். அடுத்த அதிகாரம் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? கோவிலை விட்டு வெளியே வரும்போது சீடர் ஒருவர், இங்கே பாருங்கள், எவ்வளவு பெரிய கல், எவ்வளவு பெரிய கட்டடம் என்று வியக்கிறார். இப்போதுதான் ஒரு பெண்ணைக் காட்டினார்; சீடரின் கண் அதற்குள் கல்லுக்குப் போய்விட்டது.

பிள்ளைகளே, இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான். எங்கே போனாலும் அங்குள்ள மனிதரைப் பாருங்கள். சுற்றுலாவிலும் சரி, வேலை பார்க்கும் இடத்திலும் சரி, உதவி செய்யப் போகும் வீட்டிலும் சரி, ஆளைப் பார்க்காமல் திரும்பி வந்தால் போன காரியம் பாதிதான் முடிந்தது.

முதலில் சுற்றுலா. இதைத் தொன் போஸ்கோவிடம் கற்றுக்கொள்ளலாம். அவர் 1815-இல் இத்தாலியின் வடக்கே பெக்கி என்ற குக்கிராமத்தில் பிறந்தவர். இரண்டு வயது நிறையுமுன் அப்பாவை இழந்தவர். 1841-இல் குருவானதும் தூரின் நகரச் சிறைகளுக்குப் போனார். அங்கே பன்னிரண்டு, பதினைந்து வயதுப் பையன்கள் அடைபட்டுக் கிடப்பதைக் கண்டார். வெளியே அவர்களுக்கென்று ஒருவர் இருந்திருந்தால் இவர்கள் இங்கே வந்திருக்கமாட்டார்களே என்று அவர் மனம் துடித்தது. அவருடைய பணி முழுவதும் அங்கிருந்து முளைத்ததுதான்.

1855-இல் அவர் செய்த ஒரு காரியம் அக்காலத்தில் யாரும் எண்ணிப் பார்க்காதது. ஜெனராலா என்ற சிறுவர் சிறையில் இருந்த சுமார் 300 பேரை ஒருநாள் வெளியே உலாவ அழைத்துப்போக அனுமதி கேட்டார். காவலர் ஒருவரும் கூட வரக்கூடாது என்பதும் அவருடைய வேண்டுகோள். அமைச்சர் ரத்தாத்சி தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டார். ஸ்துபினீஜி என்ற இடம்வரை நடந்தார்கள், செபித்தார்கள், சாப்பிட்டார்கள், விளையாடினார்கள். திரும்பும்போது தொன் போஸ்கோ களைத்துப்போனதைப் பையன்கள் கண்டார்கள். உணவுப்பொருள் சுமந்து வந்த கழுதையின் மேலிருந்த சுமையைத் தங்கள் தோளுக்கு மாற்றிக்கொண்டு, அவரை அதன்மேல் ஏற்றி அழைத்து வந்தார்கள். மாலையில் தலையெண்ணியபோது ஒருவர்கூடக் குறையவில்லை. அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்லும் இந்த நிகழ்ச்சியில் அவர்கள் எந்தக் காட்சியைப் பார்த்தார்கள் என்பது முக்கியமாகப் படவில்லை. திருடர்கள் என்று ஊர் ஒதுக்கிவைத்த பிள்ளைகள் ஒரு மனிதரின் களைப்பைப் பார்த்தார்கள். பார்த்ததும் தோள் கொடுத்தார்கள்.

இலையுதிர்காலந்தோறும் அவர் தம் பையன்களை வாத்தியக் குழுவோடு மொன்ஃபெராத்தோ மலையூர்களுக்கு நடத்திப்போவார். 1864-ஆம் ஆண்டுப் பயணத்தில் மொர்னேசே என்ற ஊருக்கு வந்தபோதுதான், சிறுமிகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்து வந்த மரிய மசரெல்லோவை அவர் சந்தித்தார். அந்தச் சந்திப்பிலிருந்து 1872-இல் சலேசிய சகோதரிகள் சபை பிறந்தது. தொன் போஸ்கோ தொடங்கிய சபையின் சலேசிய குருக்கள் 1906-இல் தஞ்சாவூருக்கு வந்தார்கள். சகோதரிகள் 1922-இல் அதே தஞ்சாவூருக்கு வந்தார்கள். நம் தமிழ் மண்ணில் எத்தனையோ பெண்பிள்ளைகள் படித்த பள்ளிகளுக்கு வேர், பையன்களை அழைத்துக்கொண்டு போன ஒரு நடைப்பயணத்தில் இருக்கிறது.

நம் ஊர்ப் பள்ளிகள் ஆதிச்சநல்லூருக்குப் போகின்றன, கீழடிக்குப் போகின்றன. புனித தேவசகாயம் உயிர்கொடுத்த காற்றாடி மலைக்குப் போகின்றன. போங்கள், நன்றாகப் பாருங்கள். ஆதிச்சநல்லூரில் தோண்டிய குழிக்குள் இருக்கும் முதுமக்கள் தாழிகளை அப்படியே இடத்தில் வைத்துக் கண்ணாடிக்கு மேலிருந்து பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். அங்கே கிடைத்த பானைகளில் நெல் உமியும் இருந்தது. இறந்துபோனவர் பசியோடு போகக்கூடாது என்று யாரோ ஓர் அம்மா, யாரோ ஒரு மகன் வைத்த தானியம் அது. எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்னால் தாமிரபரணிக் கரையில் ஒரு குடும்பம் அழுதிருக்கிறது என்று அந்தக் கண்ணாடிக்கு மேல் நிற்கும்போது உங்களுக்குத் தோன்ற வேண்டும். அதன்பிறகு கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னோர் ஆளையும் பார்க்க வேண்டும். அவர் பேருந்திலேயே இருக்கமாட்டார். "ஏன் டூருக்குப் பேர் குடுக்கல?" என்று டீச்சர் கேட்டால், "பஸ்ல போனா எனக்கு வாந்தி வரும் மிஸ்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்ளும் பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு வாந்தி வராது. அப்பாவுக்குக் கடலில் பாடு இல்லை. அம்மா சுயஉதவிக் குழுக் கடனைக் கட்டிக்கொண்டிருக்கிறார். வீட்டில் கேட்டால் அம்மா அழுவார் என்று, கேட்காமலே பொய் சொல்லி வீட்டின் மானத்தைக் காக்கிற பிள்ளை அது. எல்லாரும் திரும்பி வந்து ஒரு வாரம் வகுப்பில் அதே பேச்சாக இருக்கும். அந்த ஒரு வாரம் அந்தப் பிள்ளை எங்கே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்று யோசித்திருக்கிறீர்களா? மரியாவும் யோசேப்பும் ஒருநாள் பயணம் போனபிறகும், ஒரு பிள்ளை இல்லை என்று தெரிந்ததும் திரும்பிப் போய்த் தேடினார்கள். நாமும் புறப்படுமுன் தேட வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஆற்றில் இறங்கிய மாணவர்கள் கரை ஏறாத செய்தியை நாம் கண்ணீரோடு படித்திருக்கிறோம். பேருந்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் தலையெண்ணுவது, தண்ணீர் அருகே தனியாக விடாதது, இரவுப் பயணத்தைத் தவிர்ப்பது எல்லாம் அன்பின் கடமைகள். பெற்றோர் தங்கள் உயிரையே உங்கள் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள்.

இரண்டாவது, வேலையைப் பார்க்கப் போவது. அரசு நடத்தும் 'நான் முதல்வன்' திட்டம் 2022 மார்ச் 1-இல் தொடங்கியது. அதன்வழி அரசுப் பள்ளிப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பக்கத்துக் கல்லூரிகளுக்குக் களப்பயணமாக அழைத்துப்போகிறார்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறப்போகிற பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய காரியம்! ஆய்வகம் எப்படி இருக்கும், நூலகத்தில் எப்படிப் புத்தகம் எடுப்பார்கள், விடுதியில் யார் இருப்பார்கள் என்று கண்ணால் பார்த்தால்தான் பயம் போகும். நம் தூத்துக்குடியிலேயே 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. கடலை நம்பி வாழும் குடும்பத்துப் பிள்ளைகள் அதன் வாசலை ஒருமுறையாவது மிதித்திருக்க வேண்டாமா? குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டினார்கள். அங்கே நாளை பொறியாளராகவும் தொழில்நுட்பராகவும் உள்ளே போகிறவர்களில் இந்தக் கடற்கரைப் பிள்ளைகளும் இருக்க வேண்டும் என்பது என் செபம். உயர்கல்விக்குப் போகிற பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் உண்டு. தகுதி உள்ளவர்கள் விசாரித்து எழுதிக் கொடுங்கள். கேட்டு வாங்குவதில் வெட்கம் இல்லை.

தொன் போஸ்கோவும் தம் பையன்களை வேலைக்கு அனுப்பினார். அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. வேலை நடக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்தார். முதலாளிகள் பையன்களை அடிப்பதையும், தொழில் கற்றுக்கொடுக்காமல் வீட்டுவேலை வாங்குவதையும் கண்டார். உடனே முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதவைத்தார். 1852 பிப்ரவரியில் ஒரு தச்சு முதலாளியோடு எழுதிய ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. தொழிலைச் சரியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும், தவறு செய்தால் வாயால் திருத்த வேண்டுமே தவிரக் கை ஓங்கக்கூடாது, ஞாயிறும் திருநாளும் ஓய்வு, கூலி படிப்படியாக உயர வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது. அடியில் தொன் போஸ்கோவும் கையெழுத்திட்டார். பட்டறைகளைப் பார்க்கப் போனவரின் கண் எந்திரத்தில் நிற்கவில்லை, பையனின் முதுகில் விழுந்த அடியில் நின்றது.

எனவே ஒரு தொழிற்சாலைக்கு உங்களை அழைத்துப் போனால், இங்கே என்ன சம்பளம் என்று கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கூடவே வேறு கேள்விகளும் கேளுங்கள். இங்கே கடினமான வேலை எது, அதை யார் செய்கிறார்கள்? அடிபட்டால் யார் பார்ப்பார்கள்? பெண்களுக்கு ஓய்வறை இருக்கிறதா? இந்த வேலையால் யாருக்கு நன்மை? எருசலேமில் நம் ஆண்டவர் செய்ததுபோலக் கேட்டுக் கேள்வி கேளுங்கள். அந்தக் கேள்விகளோடு வேலைக்குப் போகிறவர் நாளை அதிகாரியானாலும் கீழே இருப்பவரை மறக்கமாட்டார்.

அப்படியே ஒருநாள் உங்கள் பெற்றோர் வேலை செய்யும் இடத்துக்கும் போய்ப் பாருங்கள். இந்த மாவட்டத்து உப்பு நாடெங்கும் போகிறது. ஆனால் அளத்தில் வேலை செய்யும் அம்மாக்கள் எத்தனை மணிக்கு எழுந்து போகிறார்கள் என்று அவர்கள் பிள்ளைகளுக்கே தெரியாமல் இருக்கிறது. விடியுமுன் போய், வெயில் ஏறுமுன் முடிந்தவரை வாரிவிட வேண்டும். வெறுங்காலோடு பாத்தியில் இறங்கினால் விரலிடுக்கு வெடிக்கும், உப்பு பட்டு எரியும். வெள்ளை உப்பில் வெயில் பட்டுத் தெறிக்கும் ஒளியில் கண் கூசும். ஒரு காலைப்பொழுது அங்கே நின்று பாருங்கள். அந்தக் கால்களைப் பார்த்த பிள்ளை, 'எங்கம்மா சும்மா உப்பளத்துக்குத்தான் போறாங்க' என்று இனி எங்கேயும் சொல்லாது. நம் ஆண்டவர் எருசலேமில் போதகர்களை வியக்கவைத்த பிறகு எங்கே போனார்? நாசரேத்துக்குத் திரும்பிப் பெற்றோருக்குக் கீழ்ப்படிந்து நடந்தார். ஊர் அவரைத் தச்சர் என்றே அறிந்தது. படிப்பு நம்மை உயர்த்தட்டும். பெற்றவர்களின் உழைப்பைப் பார்த்து வெட்கப்பட வைக்கும் உயர்வு நமக்கு வேண்டாம்.

மூன்றாவது, உதவி. 1854 கோடையில் தூரினில் காலரா பரவியது. நோயாளிகளைத் தொட எல்லாரும் அஞ்சினார்கள். தொன் போஸ்கோ தம் பையன்களிடம் யார் வருகிறீர்கள் என்று கேட்டார். முதலில் 14 பேர், பிறகு 30 பேர் முன்வந்தார்கள். உங்கள் வயதுப் பையன்கள். வீடு வீடாகப் போய் நோயாளிகளைத் தூக்கினார்கள், துடைத்தார்கள், கூடவே இருந்தார்கள். போர்த்திக்கொள்ளத் துணியில்லாத நோயாளிக்காக ஒரு பையன் ஓடிவந்து தொன் போஸ்கோவின் தாய் மார்கரெட் அம்மாளிடம் கேட்கிறான். வீட்டிலிருந்த துணியெல்லாம் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. அம்மாள் பீடத்துணியை எடுத்துக் கொடுத்தார். திருப்பலிக்கு விரிக்கும் துணி ஒரு நோயாளியின் உடம்பை மூடியது. அந்தத் தாய்க்குக் கிறிஸ்துவின் உடல் எங்கே கிடக்கிறது என்று தெரிந்திருந்தது. பையன்களில் ஒருவருக்கும் நோய் தொற்றவில்லை.

நம் பங்குகளில் இருக்கும் வின்சென்ட் தே பவுல் சபையும் மாணவர்கள் தொடங்கியதுதான். 1833-இல் பாரிசில் தொடங்கியபோது பிரெடரிக் ஓசானாமுக்கு 20 வயது. அவருக்கும் நண்பர்களுக்கும் வழிகாட்டிய அருட்சகோதரி ரோசாலி, ஏழைகளின் வீட்டுக்கே அவர்களை அனுப்பினார். இன்றுவரை அந்தச் சபையின் உயிர், வீடு சந்திப்பில் இருக்கிறது. பொருளை ஓரிடத்தில் குவித்துவைத்து வரிசையில் வரச்சொல்வது எளிது. படி ஏறிப்போய், உட்கார்ந்து, பேச்சுக் கேட்டு வருவது கடினம். கடினமானதைத்தான் அந்த இளைஞர்கள் தேர்ந்தார்கள்.

2023 டிசம்பரில் நம் மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியதை யார் மறப்பார்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. பக்கத்துப் புதுக்குடி மக்கள் தங்கள் வீட்டு அரிசியை எடுத்துவந்து அம்மன் கோவிலில் பொங்கி அவர்களுக்குப் போட்டார்கள். யார் எந்த ஊர், எந்தச் சமயம் என்று எவரும் கேட்கவில்லை. பசித்திருக்கும் முகத்தைப் பார்த்தார்கள், அடுப்பை மூட்டினார்கள். கடவுளுக்கு உகந்த வழிபாடு அன்று அங்கே நடந்தது என்று நான் மனமாரச் சொல்கிறேன்.

பிள்ளைகளே, முதியோர் இல்லத்துக்குப் போகும்போது அரிசிமூட்டையைக் கொடுக்கிற கையைப் படம் எடுக்காதீர்கள். வாங்குகிற தாத்தாவின் முகம் அந்தப் படத்தில் ஊரெல்லாம் சுற்றும். அவருக்கும் மானம் உண்டு, உறவினர் உண்டு. வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியவேண்டாம் என்று மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கற்பித்ததை நினைத்துக்கொள்ளுங்கள். கொடுத்துவிட்டு உடனே பேருந்தில் ஏறாதீர்கள். ஆளுக்கு ஒரு பாட்டியின் பக்கத்தில் உட்காருங்கள். பெயரைக் கேளுங்கள், எந்த ஊர் என்று கேளுங்கள், சின்ன வயதில் என்ன வேலை செய்தீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் பேசட்டும். அடுத்த மாதம் திரும்பப் போங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கொண்டுபோன சோப்பு ஒரு மாதத்தில் கரைந்திருக்கும். தம் பெயரை ஒரு பிள்ளை நினைவு வைத்திருக்கிறது என்பது அந்தப் பாட்டிக்கு வேறு யாரும் தராத கொடை.

அந்திரேயாவை நினைத்துப் பாருங்கள். யோவான் நற்செய்தி முதல் அதிகாரத்தில், எங்கே தங்கியிருக்கிறீர் என்று கேட்டவரை இயேசு வந்து பார்க்கச் சொன்னார். அவரும் போனார், அன்று இயேசுவோடு தங்கினார். ஆறாம் அதிகாரத்தில் ஐயாயிரம் பேர் பசியோடு இருக்கும்போது, ஐந்து வாற்கோதுமை அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்த சிறுவனைக் கண்டுபிடித்துச் சொன்னவர் இந்த அந்திரேயாதான். வாற்கோதுமை ஏழைகளின் உணவு. அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஓர் ஏழைச் சிறுவனைப் பார்க்க அவருக்குக் கண் எங்கிருந்து வந்தது? இயேசுவோடு தங்கியதால் வந்தது. இந்தத் திருப்பலியில் நாமும் அவரோடுதான் தங்கியிருக்கிறோம். அந்தக் கண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவோம்.

மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பெரியவர்களே, நம் பிள்ளைகளின் படிப்புப் பயணங்களுக்கென்று வின்சென்ட் சபையினர் ஓர் உண்டியல் வைக்கிறார்கள். உங்களால் முடிந்ததைப் போடுங்கள். எந்தப் பிள்ளைக்குக் கொடுத்தோம் என்று யாருக்கும் தெரியாதபடி வகுப்பாசிரியர் வழியாகவே அது போகும். பெற்றோரே, சுற்றுலா முடிந்து பிள்ளை வந்ததும் என்ன பார்த்தாய் என்பதோடு நிறுத்தாமல், யாரைப் பார்த்தாய், என்ன பேசினாய் என்று கேளுங்கள். பிள்ளைகளே, உங்கள் வகுப்பில் பெயர் கொடுக்காமல் இருக்கும் அந்த ஒருவர் யார் என்று நாளைக் காலையிலேயே பாருங்கள். எல்லார் முன்னாலும் கேட்காமல், தனியே போய்ப் பேசுங்கள். பிறகு ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

எருசலேம் கோவிலில் கேட்கவும் கேள்வி கேட்கவும் அறிந்திருந்த ஆண்டவரே, எங்கள் பிள்ளைகளுக்கு உம்முடைய கண்களைத் தாரும். அவர்கள் போகிற வழியெல்லாம் காத்து, ஒருவரும் குறையாமல் வீடு சேர்ப்பித்தருளும். ஆமென்.